ஏரி உறைந்த தேதி

படிவத்தில் ஏழாவது கட்டம்: ஏரி உறைந்த தேதி.
எட்டாவது: பனி உருகிய தேதி.
எந்தக் குளிர்நாட்டுக்கோ அச்சடித்ததை
நெறியாளர் அப்படியே நகலெடுத்துத் தந்திருந்தார்.
"பொருந்தாததுக்குக் கோடு போட்டுடும்மா."

ஐப்பசியிலிருந்து பாகூர் ஏரியில்
கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

பங்காரு வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த மூன்றாம் இரவு
பெட்ரோல் பங்க் விளக்கடியில் நின்ற கார்களின் மேல்
சடசடவென்று விழுந்தன நீர்வண்டுகள்.
பளபளக்கும் கூரையெல்லாம் அவற்றுக்குத் தண்ணீர்.
பங்க் பையன் கூட்டி அள்ளிய முறத்தில்
எண்ணினேன்: நூற்றுப் பதினான்கு.
இது கணக்கில் சேராது.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

கார்த்திகை முழுக்க மழை. வலையில்
மூன்று வால் ஆட்டும் பொடிசுகள், கண்ணாடிபோல.
மார்கழியில் ஊசித்தட்டான்கள் கோரைத்தண்டில் ஏறி
சட்டையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப்
போயிருந்தன. முதுகில் மட்டும் கிழிசல்.

தையில்தான் கூட்டம்.
மல்லாந்து நீந்துபவை, நீர்மேல் ஓடுபவை,
வட்டமடித்தே பொழுதைக் கழிப்பவை.
படிவத்தில் இந்த மாதத்தின் தலைப்பு "குளிர்காலம்: பூச்சிகள் குறைவு".
எங்களூர்க் குளிர் என்பது
பால்காரர் காதில் சுற்றிய துண்டு. அவ்வளவுதான்.

கலிவரதனின் தெர்மாகோல் தெப்பத்தில்
அன்று ஒரு பூச்சி ஏறியது,
முதுகு கொள்ளாமல் முட்டை.
"அம்மாவா?"
"அப்பாங்க. பொம்பளைப் பூச்சி அதோட முதுகுல ஒட்டிட்டுப் போயிடும்.
பொரியற வரைக்கும் இதுதான் சுமக்கும்."
துடுப்பை நிறுத்தினார்.
"எத்தினி?"
"எழுபத்தொண்ணு."
"அடப்பாவி" என்றவர்
மதகு வரும்வரை அப்புறம் பேசவில்லை.

மாசியில் அந்த மதகு வழியாகத்தான்
ஏரி நெல்லுக்குப் போனது.
பங்குனியில் மிஞ்சிய குட்டையில் செம்புழு மட்டும்:
காற்றில்லாத சேற்றில்
ரத்தத்திலேயே மூச்சைச் சேர்த்துவைத்திருப்பது.
சித்திரையில் மீன் ஏலம்; கொக்குகள் ஏலம் கேட்கவில்லை,
எடுத்துக்கொண்டன.
வைகாசியில் ஏரிக்குள் ஆடுகளும் கிரிக்கெட்டும்.
வலையோடு நின்ற என்னிடம் ஒரு பையன் கத்தினான்:
"அக்கா, கேட்ச்!"

பிடிக்கவில்லை.
வெடித்த சேற்றில் ஒரு பாளம் பெயர்த்து
சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரின் காலடியில் வைத்து
முத்தியால்பேட்டை அறைக்குக் கொண்டுவந்தேன்.
பிளாஸ்டிக் தொட்டி, வடிகட்டிய தண்ணீர்,
மேலே கொசுவலைத் துணி.

எட்டு நாள் அது வெறும் சேறு.
ஒன்பதாம் நாள் காலை
சிவப்பு நூல் ஒன்று நெளிந்தது,
எட்டுப் போட்டு, அவிழ்ந்து, மறுபடி எட்டுப் போட்டு.
பல் துலக்கிக்கொண்டிருந்தவள்
நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றாம் நாள் நகராட்சியிலிருந்து அமலோற்பவம் வந்தார்.
டெங்கு ஆய்வு. கையில் டார்ச், மருந்து சீசா.
"இது கொசு இல்லைங்க."
"எல்லா வீட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க."
நெடுநேரம் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.
"பெருசானா ரத்தம் குடிக்குமா?"
"எதுவுமே சாப்பிடாதுங்க. ரெண்டு மூணு நாள் பறக்கும், அவ்வளவுதான்."
"பாவம்" என்றார்.
பிறகு மூன்று சொட்டு விட்டார்.
அவரிடமும் ஒரு படிவம் இருந்தது.
புழு இருந்த கலன்கள்: 1. மருந்திட்டவை: 1.
கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

அன்றிரவு ஏழாவது கட்டத்தில்
"உறைந்த" என்பதை அடித்து
"வறண்ட" என்று எழுதினேன்.
வைகாசி ஒன்பது.
எட்டாவது கட்டம் காலியாக இருக்கிறது.

பாகூரில் மற்ற பாளங்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன,
எந்த டார்ச்சும் போகாத ஆழத்தில். மேலே ஆடுகள் நடக்கின்றன.
கலிவரதன் தெப்பத்தைக் கவிழ்த்து
வேலிக்காத்தான் நிழலில் வைத்திருக்கிறார்.
அதன் அடியில் கொஞ்சம் ஈரம் இருக்கும்.
நாளைக்குப் போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டும்.